ஒன்றரை மூட்டை

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடைக்குக் கடலை எண்ணெய் போடுகிற கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. இனிமேல் வாயில் போடுகிற எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் மதுரை ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் அம்மா. எண்ணெய்க் கம்பெனி டைரியில் 'எண்ணெய் கிடையாது' என்று எழுதப்போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"பேரு?" என்றார்.

"சீனிச்சாமி."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"சாத்தூர்ல மிட்டாய் மாஸ்டர்."

பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பாவம், சிரிப்பை விழுங்குவதும் கஷ்டமான காரியம்தான்.

முதல் பக்கத்தில் என் குறிக்கோளை எழுத வேண்டுமாம். பத்தாம் வகுப்பில் தமிழய்யா இதையே கேட்டபோது, ராணுவத்தில் சேர்ந்து நாட்டைக் காப்பேன் என்று எழுதினேன். சேர்ந்தது அடுப்படியில். காத்தது அல்வாவை, அதுவும் அடிப்பிடிக்காமல்.

விஷயம் இதுதான். என் மகள் நாகஜோதிக்கு ஈரல் கெட்டுவிட்டது. இருபது வயது. அவள் உடம்பே அவள் ஈரலை எதிரி என்று நினைத்து அரித்துத் தின்றுவிட்டதாம். கண் மஞ்சள், வயிற்றில் நீர். மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்குப் பதிந்து வைத்திருக்கிறோம். அந்த வரிசை நகர்கிற மாதிரி தெரியவில்லை. வீட்டு ஆள் ஒருவர் தன் ஈரலில் பாதியைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது வளர்ந்துவிடும் என்கிறார்கள். அவள் அம்மா மாரீஸ்வரியின் ரத்தம் சேரவில்லை. என் ரத்தம் சேர்ந்தது. ஸ்கேனில்தான் மாட்டினேன்.

"ஈரல் பூரா கொழுப்பு படிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவளுக்கும் உதவாது. எண்பத்தஞ்சு கிலோ இருக்கீங்க. எழுபத்தஞ்சுக்கு வாங்க. செப்டம்பர் பாதியில மறுபடி பாப்போம். அவளால ரொம்ப நாள் தாங்க முடியாது."

செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். கொழுப்பை நான்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் குடோனில் சீனி மூட்டை ஐம்பது கிலோ. இப்போது நான் ஒரு முழு மூட்டையும் இன்னொன்றில் முக்கால்வாசியும். ஆக வேண்டியது ஒன்றரை. குறிக்கோள் எழுதியாகிவிட்டது.

ஆகஸ்ட் 7

காலையில் நடந்தேன். வைப்பாற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினேன். புது ஷூ. அது என்னைக் கடித்தது, தெரு நாய் கடிக்கவில்லை, துரத்த மட்டும் செய்தது. அந்தக் கொஞ்ச தூரத்தை ஓட்டக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

டீக்கடையில் இருந்தவர்கள், "என்ன மாஸ்டர், பஸ்ஸ விட்டுட்டீகளா?" என்றார்கள்.

"இல்ல, வயித்த எங்கயாச்சும் விட்டுட்டு வரலாம்னு போறேன்."

முதலாளி ரத்தினசபாபதி அண்ணாச்சி விஷயம் தெரிந்ததிலிருந்து தினமும் வாட்ஸாப்பில் சூரிய உதயம் அனுப்புகிறார். இன்றைய உதயத்தின் கீழே 'உன் எதிரி உன் சோம்பலே' என்று இருந்தது. காலையில் அடுப்பைப் பற்றவைத்து ராத்திரி அணைக்கிறவனுக்கு இதை அனுப்புகிறார் அண்ணாச்சி, படுத்துக்கொண்டே.

காலை இட்லி இரண்டு. மதியம் ஒரு கரண்டி சோறு, கீரை. ராத்திரி எண்ணெய் இல்லாத கோதுமைத் தோசை ஒன்று. தோசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது சாக்கு.

ஆகஸ்ட் 12

ரத்தம் கொடுக்கப் போனேன். ஊசியை எடுத்தார்கள். அதற்கப்புறம் நடந்ததை மாரீஸ்வரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெஞ்சில் படுக்க வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்களாம். அதே பெஞ்சில் எனக்கு முன்னால் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டு போனது ஒரு ஒன்றாம் வகுப்புப் பாப்பாவாம். ஜோதிக்குக் காது குத்தியபோதும் நான் கோவிலுக்கு வெளியே செருப்புக்குக் காவல் இருந்தவன்தான்.

கடையில் சேவு போடுகிற செல்லத்துரைக்கு இது போதாதா?

"ஏண்ணே, ஒத்த ஊசிக்கே சாஞ்சுட்டீகளாமே. வயித்தக் கிழிச்சா என்ன பண்ணுவீக?"

"அப்ப மயக்க மருந்து குடுப்பாங்கடா. மயங்குறதுல எனக்கு நல்ல பழக்கம் உண்டு."

சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, அவன் சித்தப்பா ஊரில் ஒருவர் இப்படித்தான் தம்பிக்குக் கொடுக்கப் போனவர் என்று ஆரம்பித்தான். தம்பி வந்துவிட்டாராம். அவர் வரவில்லையாம்.

நல்ல நேரத்தில் நல்ல கதை சொன்னாய் என்றேன். அப்புறம் சீரணி மிட்டாய்க்கு மாவு பிழியும்போது வட்டம் கோணல் கோணலாக விழுந்தது. அடுப்பு ரொம்ப எரிந்தது, அதனால்தான்.

ஆகஸ்ட் 18

இன்றிலிருந்து காலைக் கஞ்சி ஜோதி பொறுப்பு.

"சும்மா படுத்துப் படுத்து முதுகு வலிக்குதுப்பா. இத மட்டுமாவது நான் செய்யுறேன். அம்மாவுக்கும் ஒரு வேலை குறையும்."

"ஒன்னால நிக்க முடியலையே தாயி."

"உக்காந்துக்கிட்டுத் துழாவுறேன். மிக்சி என்ன, என்னயவா நிக்கச் சொல்லுது?"

கேழ்வரகுக் கஞ்சி, மோர், உப்பு. ஸ்டூலில் உட்கார்ந்து செய்தாள். கை முழுக்க அரிப்பு அவளுக்கு, சீப்பை வைத்துச் சொறிந்துகொள்கிறாள். நடுவில் இரண்டு தடவை கரண்டியை வைத்துவிட்டுச் சொறிந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு டீ போட்டுத் தரச் சொன்னால் ஆயிரம் நொட்டை சொல்வாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குடோன் தராசில் ஏறினேன். எண்பத்துநான்கு.

டயட்டீஷியன் அம்மா போனில், "எழுதினத மட்டும்தான் சாப்பிடுறீங்களா?" என்றார்.

"சத்தியமா மேடம்."

"அப்ப இன்னும் குறைஞ்சிருக்கணுமே."

எனக்கும் அதே சந்தேகம்தான். என் உடம்பு என் பேச்சைக் கேட்காது என்பது தெரியும். கணக்குப் பாடத்தையும் கேட்காது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 26

நாளை பிள்ளையார் சதுர்த்தி. கடையில் நிற்க நேரமில்லை. மத்தியானம் மாரீஸ்வரி மருந்துச் சீட்டை வாங்கிப்போக அடுப்படி வாசலுக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

நான் என் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். கருப்பட்டிப் பாகு கம்பிப் பதம் வந்ததா என்று தொட்டு நாக்கில் வைத்தேன். அல்வாவை இறக்கும் முன்னால் ஒரு உருண்டை. சீரணி முதல் ஈடு எடுத்ததும் ஒன்று. செல்லத்துரை நீட்டிய சேவில் உறைப்பு எப்படி என்று ஒரு பிடி.

"என்னங்க இது?"

"எது?"

"இப்ப வாயில போட்டீகளே, அது."

"இதா? பதம் பாக்குறேன்."

"நாள் பூரா இப்படித்தான் பாப்பீகளா?"

"பாக்காம எப்படி மாரி? ஆயிரம் பேரு வாங்கித் திங்குறது."

"இத அந்த டைரியில எழுதுனீகளா?"

"இது சாப்பாடு இல்லையே."

எனக்கு அது நிஜமாகவே சாப்பாடாகத் தோன்றியதில்லை. கடையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். நாக்கு, கரண்டி மாதிரி ஒரு சாமான். கரண்டியில் ஒட்டினதை யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா? மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால்தான் எனக்குச் சாப்பாடு.

செல்லத்துரை ஒரு காரியம் செய்தான். காலையிலிருந்து நான் பதம் பார்த்ததையெல்லாம் குத்துமதிப்பாக ஒரு தாம்பாளத்தில் எடுத்து வைத்தான். பந்தியில் ஐந்து பேரை உட்கார வைத்துப் பரிமாறலாம். கடைசியாக ஒரு துண்டு அல்வாவை மேலே வைத்தபோது, "இது பதினோரு மணிக்குண்ணே" என்றான்.

மாரீஸ்வரி அதைப் பார்த்தாள். ஜோதிக்கு நோய் என்று தெரிந்த நாளில்கூட ஆஸ்பத்திரியில் அவள் அழவில்லை. இங்கே, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில், எல்லார் முன்னாலும் அழுதாள்.

"அங்க புள்ள வயிறு வீங்கிக் கெடக்கு. இங்க நீங்க பதமா பாக்குறீக?"

இனிமேல் செல்லத்துரைதான் எனக்கு நாக்கு.

செப்டம்பர் 2

என் புது நாக்குக்கு எதைக் கொடுத்தாலும் 'நல்லாருக்குண்ணே' என்றுதான் சொல்லத் தெரியும். உப்புப் போட மறந்த சேவையும் நல்லாருக்கு என்றான். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். மாசத்தில் ஒருமுறைதான் அவர் எழுவார். திட்ட வாயைத் திறந்தவர், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ராத்திரி ஒரு சூரிய உதயம் அனுப்பினார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எண்பத்திரண்டு! தராசுக்கு ஒரு கும்பிடு போட்டேன். இப்போது பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கமும் நடக்கிறேன்.

ஜோதியின் கஞ்சியும் நாளுக்கு நாள் நன்றாக வருகிறது. தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

"கேழ்வரகு எப்படித்தா இவ்வளவு வழவழன்னு வருது?"

"நல்லா அரைச்சா வரும்ப்பா."

அப்படியும் இருக்கலாம். நான் மிட்டாய் மாஸ்டர்தானே, கேழ்வரகு மாஸ்டரா?

கடையில் மிஞ்சுகிற முந்திரிக் குருணையை ஜோதிக்காகக் கொண்டுவந்து டப்பாவில் போட்டு வைப்பேன். டப்பா வேகமாகக் காலியாகிறது. "புள்ள இப்பத்தான் கொஞ்சம் சாப்பிடுறா" என்று மாரீஸ்வரிக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

செப்டம்பர் 11

எண்பத்துமூன்று. கூடியிருக்கிறது. தராசில்தான் ஏதோ கோளாறு. ஒரு சீனி மூட்டையை வைத்துப் பார்த்தேன். ஐம்பது காட்டியது. கோளாறு தராசில் இல்லை.

வீட்டில் ஜோதி கேட்டாள், "இன்னைக்கு எத்தனப்பா?"

சொன்னேன். அவள் முகம் வாடவில்லை. என் மனசு நோகக் கூடாதென்று மறைத்துக்கொள்கிறாள் போல. "பரவால்லப்பா, வெசனப்படாதீங்க" என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். கண் இப்போது மஞ்சளையும் தாண்டி வேறு நிறமாகிவிட்டது. அதைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மதுரை. ஸ்கேன்.

டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியாது என்றுதான் நினைத்தேன். புரிந்தது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

"சீனிச்சாமி, நான் நேரா சொல்லிடுறேன். பொண்ணுக்கு ரத்த ரிப்போர்ட் எல்லாம் இறங்கிக்கிட்டே போகுது. நீங்க தயாராகலைன்னா வேற ஆளப் பாக்கணும். வேற ஆளு இருக்காங்களா?"

மாரீஸ்வரியின் தம்பி இருக்கிறான். ஈரல் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவன் போன் அடிக்கிறது, அடிக்கிறது, நின்றுவிடுகிறது.

"மூணு வாரம் குடுங்க டாக்டர்" என்றேன். ஏதோ அவர் கையில் இருப்பது போல.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மாரீஸ்வரி ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருமங்கலம் தாண்டியதும், "சாப்பாட்ட நான் குறைச்சுட்டேன். பதம் பாக்குறத நிப்பாட்டியாச்சு. பொறவு எங்கருந்துங்க வருது?" என்றாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 18

நேற்றும் இன்றும் வெறும் தண்ணீர். கஞ்சியையும் வேண்டாம் என்றேன். ஜோதி டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றாள். வாங்கிக் குடித்துவிட்டேன்.

செப்டம்பர் 19

பாலத்தில் விழுந்துவிட்டேன். மயக்கம்தான். இந்தத் தடவை ஊசிகூட இல்லை. டீக்கடைக்காரர்கள் தூக்கி உட்கார வைத்து, அக்கறையாக, சீனி தூக்கலாக ஒரு டீயை வாயில் ஊற்றிவிட்டார்கள். எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்: டீ ஒன்று, சீனி மூன்று கரண்டி.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் ஜோதி என்னைப் பார்த்து, "சார், இந்த பஸ் காலேஜ் போகுமா?" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்து, "போகும்மா, உள்ள ஏறு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பையைத் தேடினாள். மாரீஸ்வரியை யாரென்று கேட்டாள்.

அண்ணாச்சி வேன் அனுப்பினார்.

செப்டம்பர் 22

தூங்குகிறாள். மூளைக்கு விஷம் ஏறியிருக்கிறதாம், இறங்கிவிடும் என்கிறார்கள். எதையும் எழுத வரவில்லை.

செப்டம்பர் 24, புதன்

தெளிந்துவிட்டாள். காலையில் "அப்பா" என்றாள். அப்பா என்பது இத்தனை நல்ல சொல் என்று இத்தனை வருஷமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாரீஸ்வரி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். ஜோதி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒன்னு சொல்லுவேன், திட்டக் கூடாது."

"திட்டுறதுக்குத் தெம்பு வேணுமே. சொல்லு."

"கஞ்சியில நான் முந்திரி அரைச்சுப் போட்டேன்ப்பா. முதல் வாரத்துலருந்தே. வெண்ணெயும் போட்டேன்."

போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிட்டேன்.

"நீங்க எடை குறையலைன்னா ஒங்கள அறுக்க மாட்டாங்கல்ல? செல்லத்துரை மாமா ஒரு கதை சொன்னாருல்ல, அத அம்மாகிட்ட நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னத நான் படுத்துக்கிட்டே கேட்டேன். ஒரே நாள்ல நம்ம ரெண்டு பேரும் உள்ள போயி, ரெண்டு பேருமே வரலைன்னா? அம்மா மட்டும் அந்த வாசல்ல நிப்பாங்கப்பா."

"தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"முந்திரி தெரியும். வெண்ணெயும் தெரியும். மூணாம் நாளோ நாலாம் நாளோ கொஞ்சம் பாதாம் கூட விழுந்துச்சு. எனக்குத் தெரியாமப் போகுமாத்தா? என் பொழப்பே இந்த நாக்குதான."

அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதை நன்றாகப் பார்த்தேன்.

"ஏன்ப்பா குடிச்சீங்க?"

பதில் சொல்லவில்லை. இங்கேயும் அதை எழுதவில்லை.

மாரீஸ்வரி எப்போது வந்தாள் என்று தெரியாது. கதவுக்குப் பக்கத்தில் மருந்துப் பையோடு நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ரொம்பத் தணிந்த குரலில் பேசினாள்.

"அம்மா ஒத்தையா நிப்பாளேன்னு நெனச்சியாக்கும். ஒன்னய அனுப்பிட்டு நாங்க ரெண்டு பேரும் அந்த வீட்டுல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு என்ன செய்வோம்னு நெனச்சியாடி? கஞ்சி காய்ச்சிக் குடிப்போமா?"

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். எனக்கும் ஒரு பங்கு வைத்திருப்பாள் என்று தயாராக இருந்தேன். பார்த்தாள், அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து வாங்கின திட்டெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்திருந்தாலும் இதைவிடத் தேவலை.

ஜோதி அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாக்க நீட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நீட்டுங்க. கருப்பட்டி தின்னா நாக்கு கறுக்கும்ல. இனி தெனம் ரெண்டு வேளை போன்ல காட்டணும்."

நீட்டினேன். நர்ஸ் உள்ளே வந்து பார்த்துவிட்டு, நோயாளி யாரென்று குழம்பிப் போனார்.

செப்டம்பர் 26

ஜோதியும் மாரீஸ்வரியும் மதுரையில். நான் மட்டும் சாத்தூரில். தீபாவளி ஆர்டர் குவிகிறது. காலையில் கஞ்சி நானே காய்ச்சினேன். கேழ்வரகு, மோர், உப்பு. சகிக்கவில்லை. முழுதும் குடித்தேன். நடந்தேன்.

செப்டம்பர் 28

நடந்தேன்.

செப்டம்பர் 29

நடந்தேன். பசி. அல்வா கிண்டும்போது நெய் வாசனை முகத்தில் அடித்தது. துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினேன். கண்ணையும் கட்டிக்கொண்டு கிண்ட முடியுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "நீ முதல்ல பொண்ணப் பொழைக்க வச்சிட்டு வா மாஸ்டர், அல்வா எங்கயும் ஓடிராது" என்றார். வாட்ஸாப்பில் வராத ஒரே நல்ல வார்த்தை.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

தராசுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். அதன்பின் பொட்டு அழியாமல் ஓரமாகக் காலை வைத்து ஏறினேன். எழுபத்தொன்பது.

போனில் நாக்கு காட்டினேன். "கொஞ்சம் வெள்ளையா இருக்கே, பொரிகடலை தின்னீங்களா?" என்றாள் ஜோதி. தின்றிருந்தேன். சாமிக்குப் படைத்ததில் நாலைந்து. இவளைப் போலீஸ் வேலைக்குப் படிக்க வைத்திருக்கலாம்.

அவளுக்கு வயிற்றிலிருந்து மறுபடி நீர் எடுத்தார்களாம். அதை அவள் சொல்லவில்லை. மாரீஸ்வரி தனியாக, வராந்தாவில் போய் நின்று சொன்னாள்.

அக்டோபர் 5

இன்று போனில் நாக்கைப் பார்க்க ஜோதி வரவில்லை. தூக்கம் என்றாள் மாரீஸ்வரி. நான் நாக்கை நீட்டிக் காட்டினேன். அவளே பார்த்துவிட்டு, "சரி" என்றாள். குரல் சரியாக இல்லை.

பாலத்துக்கு இரண்டு தடவை போய் வந்தேன். மூன்றாவது தடவையும் போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு தகப்பனால் செய்ய முடிந்தது நடப்பது மட்டும்தான் என்றால், ராமேஸ்வரம் வரை போகத் தயார்.

அக்டோபர் 9, வியாழன்

ஸ்கேன். படுத்திருந்தபோது பிள்ளையார், இருக்கன்குடி மாரியம்மன், எல்லாரையும் கூப்பிட்டேன். ஒரு நிமிஷம் அண்ணாச்சியின் சூரிய உதயத்தைக்கூடக் கும்பிட்டேன்.

எடை எழுபத்தேழு. ஒன்றரை மூட்டைக்கு இன்னும் இரண்டு கிலோ இருந்தது. டாக்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு வாரம் பட்டினி கிடக்கேன் டாக்டர்" என்று தொடங்கினேன்.

"எனக்கு உங்க எடை எதுக்கு? ஈரல்தான் வேணும்" என்றார். படத்தைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. போதும்."

மாரீஸ்வரி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் ஈரலுக்கு இப்படி ஒரு மரியாதை நடந்ததை என் ஈரல் பார்த்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் புதன்கிழமை.

அக்டோபர் 10

ஒரு கமிட்டி முன்னால் உட்கார வைத்தார்கள். யாராவது வற்புறுத்தித்தான் கொடுக்கிறேனா என்று விசாரிப்பார்களாம். நாலைந்து பேர், ஒரு நீள மேசை.

"உங்க சொந்த விருப்பத்துலதான் குடுக்குறீங்களா?"

"ஆமா சார்."

"உங்க உயிருக்கும் கொஞ்சம் ஆபத்து இருக்குன்னு சொல்லியிருக்காங்களா?"

"சொல்லியிருக்காங்க சார்."

"பயமா இருக்கா?"

"இல்ல சார்."

எழுதிக்கொண்டார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

என்னையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு நாலாவது அறை, ஜோதிக்கு வராந்தாவின் அந்தக் கோடி. காலையிலிருந்து கையில் நாலு ஊசி குத்திவிட்டார்கள். மயங்கவில்லை. மூன்றாவது ஊசியின்போது மயங்குவதற்கு மறந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

செல்லத்துரை போன் செய்தான். தீபாவளி அல்வாவை அவனே கிண்டினானாம். "எப்படிடா இருக்கு?" என்றேன். "சுமார்தாண்ணே. நீங்க சீக்கிரம் வாங்க" என்றான். அவனுக்கு நாக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் ஜோதியைச் சக்கர நாற்காலியில் வைத்து மாரீஸ்வரி தள்ளிக்கொண்டு வந்தாள். மடியில் ஒரு பிளாஸ்க். இன்று எங்கள் இருவருக்கும் கடைசி ஆகாரம் அதுதான், தெளிந்த கஞ்சித் தண்ணீர். அப்புறம் ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரி சமையலறையில் வாங்கி, தான்தான் ஊற்றித் தருவேன் என்று அடம்பிடித்தாளாம். கை நடுங்கியது. மாரீஸ்வரி பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். பாதி டம்ளருக்கு மேல் ஊற்றிவிட்டாள்.

"ருசி பாருங்க மாஸ்டர்."

வாயில் வைத்து, விழுங்காமல், நாக்கால் நன்றாகத் துழாவிப் பார்த்தேன். மேலண்ணம், இரண்டு ஓரம், நுனி, எல்லா இடத்திலும் தேடினேன். அரிசித் தண்ணீர். உப்புகூட இல்லை.

"நான் ஒன்னும் போடலப்பா."

"தெரியும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அன்றைக்குக் கேட்டதை மறுபடி கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். வேறு மாதிரி கேட்டாள்.

"பயமா இருக்காப்பா?"

மாரீஸ்வரி நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று தேடினேன். எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கும். இல்லை.

"ஆமாத்தா" என்றேன். "மொத நாளுலருந்தே."

அவள் தலையை ஆட்டினாள். அதைத்தான் கேட்க வந்தவள் மாதிரி. "எனக்கும்" என்றாள். டம்ளரில் பாதி மிச்சம் இருந்தது. கையை நீட்டி வாங்கி, அதை அவள் குடித்தாள்.

இன்று சாப்பிட்டது: கஞ்சித் தண்ணீர், கால் டம்ளர். மீதியை ஜோதி குடித்தாள். வேறொன்றும் இல்லை.